துப்பாக்கிக்காரரை இறக்கிவிட்ட விமானம்

ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியில் நஞ்சுண்டனைத் தெரியாத தமிழ்க் குடும்பங்கள் இருக்கலாம். அவருடைய வலக் கையைத் தெரியாத குடும்பங்கள் குறைவு. ஊருக்குப் புறப்படுகிறவர்கள் பெட்டியைக் கட்டி முடித்ததும் அவருக்குத்தான் போன் செய்வார்கள். அவர் வந்து, வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, கைப்பிடியில் நான்கு விரல்களைக் கோத்து, பெட்டியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரம் தூக்குவார். கண்களை மூடிக்கொள்வார்.

"அம்பத்திரெண்டு. பாதாம் பாக்கெட் ஒண்ணை எடுத்துடுங்க."

விமானத்தில் ஒரு பெட்டிக்கு ஐம்பது பவுண்டுதான் அனுமதி. சந்தேகப்பட்டவர்கள் தராசில் மாட்டிப் பார்ப்பார்கள். அரை பவுண்டுக்கு மேல் அவர் பிசகியதாக யாரும் சொன்னதில்லை. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, வரிசையில் நிற்பவர்கள் பார்க்க உள்ளாடைகளை இடம் மாற்றும் அவமானத்திலிருந்து அவர் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறார்.

அவருடைய வேலையும் அதுதான். கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளைக் கரையிலேயே கட்டி, ராட்சதப் பாரந்தூக்கியால் ஒரே தூக்கில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். தூக்கிக்கு ஓர் எல்லை உண்டு. குழாய்ப் பிரிவு, மின்பிரிவு, எஃகுப் பிரிவு என ஒவ்வொன்றும் தன் பங்கின் எடையைச் சற்றுக் குறைத்தே எழுதிக் கொடுக்கும். அந்தத் தாள்களையெல்லாம் வாங்கி, கூட்டி, நம்பாமல் மறுபடி கூட்டி, "முடியாது, இது தூக்காது" என்று சொல்வதற்காக ஹூஸ்டனின் மேற்குப்புறத்து அலுவலகம் ஒன்று அவரைப் பதினாறு வருடங்களாக வைத்திருந்தது. அங்கே அவருக்கு நண்பர்கள் அதிகம் இல்லை. மறைக்காத பிரிவு என்று ஒன்று உலகத்தில் இல்லை என்பது ஐம்பத்து மூன்று வயதில் அவர் வந்து சேர்ந்திருந்த முடிவு.

இடையில் ஒருமுறை அந்த அலுவலகம் அவரை வேலையிலிருந்து அனுப்பியும் வைத்தது. எண்ணெய் விலை சரிந்த வருடம் அது. விசாவில் இருப்பவனுக்கு வேறு வேலை தேட அறுபது நாள் அவகாசம். காலையில் விண்ணப்பங்களை அனுப்பிவிட்டு, மிச்சப் பொழுதை நூலகத்தில் கழித்த அந்த நாட்களில்தான் அவர் அந்த விமானத்தைச் சந்தித்தார். இரண்டு உலகப்போர்களுக்கு நடுவே, பிரிட்டனில், ஒரே ஒன்று மட்டும் செய்யப்பட்ட விமானம். மேலும் கீழுமாக இரண்டு அடுக்குச் சிறகு. வயிற்றில் ஒரு டார்பிடோவைச் சுமந்துபோய்க் கப்பல்களின் மேல் விட வேண்டும் என்பது திட்டம். சோதனையில் அது டார்பிடோவோடு தரையை விட்டு எழவில்லை. பின்னிருக்கைத் துப்பாக்கிக்காரரை இறக்கிவிட்டார்கள், பெட்ரோலில் பாதியை வடித்தார்கள், பிறகு எழுந்தது. ஆளில்லாத துப்பாக்கியோடு பாதி வழி போகிற விமானம் எதற்கு என்று கடற்படை அதை ஒதுக்கிவிட்டது. 'எஞ்சின் போதவில்லை' என்று விமானச் சரித்திரம் எழுதுகிறவர்கள் அதை ஒரு வரியில் முடித்திருந்தார்கள்.

யாரோ இணையத்தில் ஏற்றிவைத்திருந்த எடைத்தாளைப் பார்த்தபோது நஞ்சுண்டன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொழிற்சாலையின் எடைக் குமாஸ்தா கைப்பட எழுதிய ஒரே பக்கம், அடியில் டபிள்யூ. எச். டி. என்ற எழுத்துகள். வெறும் விமானத்தின் எடை நாற்பத்தொரு ஹண்ட்ரட்வெயிட் என்று குமாஸ்தா எழுதியிருந்தார். ஒரு ஹண்ட்ரட்வெயிட் நூறு பவுண்டு. ஆக நாலாயிரத்து நூறு. சோதனை நிலையத்தில் நிறுத்துப் பார்த்தபோதோ நாலாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு பவுண்டு இருந்தது. நானூற்றுத் தொண்ணூற்றெட்டு பவுண்டு எங்கே ஒளிந்திருந்தது? எஞ்சினின் மேல் பழி போட்டவர்கள் தாளை நிறுத்துப் பார்க்கவில்லை. பிரிவுகள் மறைத்திருக்கின்றன, குமாஸ்தாவும் உடந்தை. இந்தக் கதை அவருக்கு மிகவும் பழக்கமானது.

ஐம்பத்திரண்டாவது நாள் பழைய அலுவலகமே அவரைத் திரும்பக் கூப்பிட்டது. விமானம் மட்டும் அவரோடு தங்கிவிட்டது. மூன்று வருடம் சனிக்கிழமைகளில் உழைத்து, இங்கிலாந்தின் சிறிய பொறியியல் வரலாற்று இதழ் ஒன்றில் பதினான்கு பக்கக் கட்டுரை வெளியிட்டார். நான்கு பேர் அதை மேற்கோள் காட்டினார்கள். யார்க்ஷயரில் இருந்து பென்ஃபோல்ட் என்ற ஓய்வுபெற்ற எஞ்சின் பொறியாளர் பாராட்டி மின்னஞ்சல் எழுதி, அன்று முதல் பேனா நண்பரானார். வீட்டில் மனைவி சாந்தி அதை 'உங்க ஓட்டை ஏரோப்ளேன்' என்பாள், அதோடு சரி.

அந்த ஓட்டை விமானத்தில் ஏறித்தான் குடும்பமே கரை சேர வேண்டும் என்ற நிலை பிறகு வந்தது.

மகள் யாமினி ஈரோட்டில் பிறந்து, நான்கு வயதில் இந்த நாட்டுக்கு வந்தவள். ஆஸ்டினில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். மார்ச் பத்தொன்பதாம் தேதி அவளுக்கு இருபத்தொரு வயது முடிகிறது. அதற்குள் கிரீன் கார்டு வரிசையில் குடும்பத்தின் முறை வராவிட்டால், அப்பாவின் விசாவில் ஒட்டிக்கொண்டிருக்கும் உரிமை அன்றோடு போய்விடும். மற்றவர்கள் வரிசையில் நிற்கலாம். அவள் மட்டும் வெளியே. இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசையோ நத்தை வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. தனித்திறன் பிரிவில் மனு ஏற்கப்பட்டால் மட்டும், பழைய இடத்தை விட்டுக்கொடுக்காமலே குட்டையான வரிசைக்கு மாறலாம். மாறினால் உடனே முறை வந்துவிடும், யாமினியும் தப்பித்துக்கொள்வாள்.

இந்த வழியைச் சொல்லிக் கொடுத்தவர் மூன்று வீடு தள்ளி இருக்கும் ஜெயபிரகாஷ். அவர் போன வருடம்தான் அப்படிக் கரையேறியவர்.

"அண்ணா, நீங்க பேப்பர் போட்டிருக்கீங்கல்ல? புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கீங்கல்ல? அது போதும். உங்க வேலையைப் பாராட்டி வெளியாளுங்க ஆறு பேரோட லெட்டர் வேணும், அவ்ளோதான்."

"யாரு எழுதுவாங்க?"

ஜெயபிரகாஷ் சிரித்தார். "யாரு எழுதுவாங்களா! நீங்கதாண்ணா எழுதணும். அவங்க சைன் பண்ணுவாங்க. எல்லாரும் அப்படித்தான். டெம்ப்ளேட் அனுப்பறேன், எடிட் பண்ணிக்கோங்க. கூச்சப்படாம எழுதுங்க. நம்மாளுங்க பாதி பேரு கூச்சத்துலயே ரிஜெக்ட் ஆகறான்."

அப்படியாக நஞ்சுண்டன் தன்னைத் தானே புகழ்ந்து ஆறு கடிதங்கள் எழுத உட்கார்ந்தார். அலுவலகத்தில் அடுத்தவர் எடையைக் குறைக்காமல் பார்த்துக்கொள்கிற மனிதர், வீட்டில் தன் எடையைக் கூட்டிக் கூட்டி எழுதினார். 'ஒப்பற்ற', 'திருப்புமுனையான', 'இத்துறையின் போக்கையே மாற்றிய' என்ற சொற்களை ஆங்கிலத்தில் தட்டும்போது விரல்கள் மரத்துப்போயின. ஒருவர் எழுதியதுபோல் இன்னொருவருடையது இருக்கக் கூடாது என்று வழக்கறிஞர் மலீஹா எச்சரித்திருந்தாள். நியூ ஜெர்சியில் வளர்ந்த கீழக்கரைக் குடும்பத்துப் பெண், சுகர்லேண்டில் அலுவலகம். ஆகவே ஒவ்வொருவர் அனுப்பிய மின்னஞ்சல்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, அவரவர் பேச்சுவாடையைப் பிடித்து எழுதினார். ஐந்து முடிந்தது. ஆறாவது பென்ஃபோல்டுடையது. கட்டுரையைப் பற்றிய முக்கியமான கடிதமும் அதுதான்.

ஜனவரி கடைசி ஞாயிறு. காலைச் சாப்பாடு முடிந்து, மேசையைத் துடைத்துவிட்டு, பென்ஃபோல்டின் பழைய மின்னஞ்சல்களை வரிசையாகத் திறந்தார். கிழவர் விமானத்தைப் பற்றி இரண்டு வரி எழுதினால் தன் வீட்டைப் பற்றி இருபது வரி எழுதுகிறவர். இரண்டு வருடத்துக்கு முந்தைய கடிதம் ஒன்றில் இப்படி இருந்தது: குளிர்காலத்துக்கு ஐந்து ஹண்ட்ரட்வெயிட் நிலக்கரி வந்து இறங்கியது, ஐந்நூற்று அறுபது பவுண்டையும் இந்த முதுகுதான் கொட்டகைக்குச் சுமந்தது.

நஞ்சுண்டன் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டு, திரும்பி வந்தார்.

ஐந்து ஹண்ட்ரட்வெயிட்டுக்கு ஐந்நூறுதானே வர வேண்டும்?

கிழவருக்குக் கணக்குத் தப்பாது. நஞ்சுண்டன் ஒரு தாளை எடுத்து வகுத்தார். நூற்றுப் பன்னிரண்டு. இங்கிலாந்தில் ஒரு ஹண்ட்ரட்வெயிட் என்பது நூற்றுப் பன்னிரண்டு பவுண்டு. நூறு என்பது அமெரிக்கக் கணக்கு. பதினாறு வருடமாக டெக்சாஸில் அமெரிக்க அலகுகளில் எண்ணி எண்ணி, பிரிட்டனின் தாளையும் அதே கண்ணால் படித்திருக்கிறார். நாற்பத்தொன்றை நூற்றுப் பன்னிரண்டால் பெருக்கினார். நாலாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

சோதனை நிலையத்தின் எண்ணுக்கும் குமாஸ்தாவின் எண்ணுக்கும் வித்தியாசம் ஆறு பவுண்டு. மழையில் நனைந்த ஒரு கோட்டின் எடை.

ஒளிந்திருந்த எடை என்று எதுவும் இல்லை. யாரும் மறைக்கவில்லை. டபிள்யூ. எச். டி. என்ற மனிதர், நஞ்சுண்டன் தன் வாழ்நாளில் கண்டதிலேயே நேர்மையான எடைத்தாளை எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். எஞ்சின் போதவில்லை. எல்லாரும் முன்பே ஒரு வரியில் சொன்னதுதான் முழு உண்மை.

நஞ்சுண்டன் நாற்காலியிலிருந்து எழவில்லை. அதிர்ச்சி என்று சொல்ல முடியாது. நெடுந்தூரம் நடந்தவனிடம் இது வேறு ஊர் என்று சொன்னால் கால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

மதியம் மிக்ஸி பிளேடைத் திருப்பித் தர ஜெயபிரகாஷ் வந்தபோது, நஞ்சுண்டன் சமையலறையில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். சாந்தி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"அவ்ளோதானா?" என்றார் ஜெயபிரகாஷ். "நான் பயந்துட்டேண்ணா. யாருண்ணா உட்கார்ந்து ஹண்ட்ரட்வெயிட் பாக்கப் போறா? அந்த ஆபீசருக்கு ஒரு நாளைக்கு எத்தனை ஃபைலோ! பேப்பர் வந்திருக்கா, வந்திருக்கு. சைட்டேஷன் இருக்கா, இருக்கு. அட்டர்னிகிட்ட வாயே திறக்காதீங்க. அவங்களுக்குத் தெரியாதவரைக்கும் பிரச்சினை இல்லை."

சாந்தி கத்தியை வைத்தாள். அவிநாசியில் பருத்தி அரவை ஆலை வைத்திருந்த குடும்பத்துப் பெண்.

"ஏனுங்க, நூத்திப் பன்னெண்டுங்களா?"

"ம்."

"பஞ்சு ஒரு கண்டிக்கு எழுநூத்தி எம்பத்திநாலு பவுண்டு. ஏழு ஹண்ட்ரட்வெயிட்டு, ஒண்ணொண்ணும் நூத்திப் பன்னெண்டு. எங்க மில்லுல லோடு ஏத்தறவனுக்குக்கூடத் தெரியும். அஞ்சு வருஷமா அந்த ஏரோப்ளேனைக் கட்டிக்கிட்டு அழுதீங்களே, ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்லங்க?"

ஜெயபிரகாஷ் மிக்ஸி பிளேடை மேசையில் வைத்துவிட்டு நழுவினார்.

"இப்ப என்ன பண்றதா இருக்கறீங்க?" என்றாள் சாந்தி.

"தெரியல."

"தெரியலன்னா? தப்பு உங்களுது. அதுக்கு அவளா அனுபவிக்கோணும்? செத்துப்போன வெள்ளைக்காரனுக்கு இனிமே என்னங்க ஆகப்போகுது?"

அவள் கேட்டது நியாயம் என்றே அவருக்கும் பட்டது. திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று நாள் அவர் அந்த நியாயத்தைச் சுமந்துகொண்டு ஃப்ரீவேயில் போய் வந்தார். கட்டுரையின் ஒன்பதாம் பக்கத்தில் அவரே எழுதிய வாக்கியம் ஒன்று உண்டு: 'தாளைத் தயாரித்தவர் உண்மையை அறிந்தே குறைத்திருக்க வேண்டும்.' ஊர்பேர் தெரியாத ஒருவரைப் பொய்யர் என்று அச்சில் சொல்லியிருக்கிறார். அது போதாதென்று, அதையே தன் வாழ்க்கையின் பெரிய சாதனை என்று ஆறு பேர் வாயால் சொல்லவைத்து, அடியில் சத்தியம் செய்து கையெழுத்தும் போட வேண்டும். அப்படிச் செய்தால் அறிந்தே பொய்த்தாள் கொடுக்கிறவர் யார்?

வியாழக்கிழமை அலுவலகத்தில் குழாய்ப் பிரிவிலிருந்து தாள் வந்தது. வழக்கம்போல் இரண்டு டன் குறைவு. வழக்கமாகச் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார். அன்று பேனாவைத் திறந்தவர் வட்டம் போடாமல் மூடி வைத்தார். பிறகு வண்டி நிறுத்துமிடத்துக்குப் போய், காருக்குள் உட்கார்ந்து மலீஹாவைக் கூப்பிட்டார்.

அவள் எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள்.

"அங்கிள், இதை ஏன் எங்கிட்ட சொன்னீங்க?"

"சொல்லணும்னு தோணுச்சும்மா."

"இனிமே அந்தப் பேப்பரை நான் வைக்க முடியாது. தெரிஞ்சுக்கிட்டே வெச்சா என் லைசென்ஸ் போயிடும், உங்க கேஸும் மொத்தமா போயிடும்."

"அதை எடுத்துட்டு ஃபைல் பண்ணா?"

"மினிமம் மூணு தகுதி காட்டணும். நம்மகிட்ட இருந்ததே மூணு. அதுல ரெண்டு இந்தப் பேப்பரை நம்பித்தான் நிக்குது." அவள் குரல் தணிந்தது. "யாமினிக்கு எஃப்-ஒன் ஸ்டூடண்ட் விசா பாருங்க அங்கிள். இங்கயே மாத்தினா மார்ச்சுக்குள்ள வருமான்னு கேரண்டி இல்லை. சென்னை போய் ஸ்டாம்ப் பண்ணிட்டு வரது ஃபாஸ்ட். ஆனா உங்க கிரீன் கார்டு கேஸ் பெண்டிங் இருக்கறதால இன்டர்வியூல கேள்வி வரும். ரிஸ்க் இருக்கு. மறைக்கக் கூடாதுன்னு சொல்லுங்க."

"அவ மறைக்க மாட்டா," என்றார் நஞ்சுண்டன்.

வெள்ளி மாலை யாமினி ஆஸ்டினிலிருந்து வந்தாள். சாந்தி மாடிக்குப் போய்விட்டாள். அப்பாவும் மகளும் உணவு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவர் எடைத்தாளின் நகலை நடுவில் வைத்து, அலுவலகக் கூட்டத்தில் விளக்குவதுபோல் தொடக்கத்திலிருந்து சொன்னார். அவருக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியாது.

"ஸோ, ஃபைல் பண்ணல."

"இல்லம்மா."

"எங்கிட்ட கேட்டுட்டு அட்டர்னிகிட்ட பேசியிருக்கலாம்ல?"

அவர் தாளின் ஓரத்தை நேராக்கினார். கேட்டிருந்தால் மனுவே வேண்டாம் என்றுதான் அவள் சொல்லியிருப்பாள்; அந்தப் பாரத்தை அவள் மேல் ஏற்றக் கூடாது என்று நினைத்ததாகச் சொல்ல வந்தார். சொன்னால் அதுவும் தன்னைப் புகழ்ந்து எழுதும் ஏழாவது கடிதமாகிவிடும் என்று தோன்றியது. விட்டுவிட்டார்.

"எனக்குக் கோவமா இருக்குப்பா. நிஜமாவே. ஐ நீட் சம் டைம்." அவள் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "இந்த டபிள்யூ எச் டி யாரு?"

"தெரியல. குமாஸ்தா. பேரு எங்கயும் கிடைக்கல."

"ஹி வாஸ் ரைட்?"

"ஆமா."

"டெஸ்ட்ல அந்த கன்னரை இறக்கி விட்டாங்கன்னு சொன்னீங்களே, அவன் அப்புறம் என்ன பண்ணான்?"

"அது தாள்ல இல்லம்மா."

"நின்னு பாத்துட்டு இருந்திருப்பான்," என்றாள் யாமினி. பிறகு மடிக்கணினியைத் திறந்து, சென்னை அமெரிக்கத் தூதரகத்தில் விசா நேர்காணலுக்கு எந்தத் தேதிகள் காலியாக இருக்கின்றன என்று தேடத் தொடங்கினாள். பிப்ரவரி இருபத்து நான்கில் ஒன்று கிடைத்தது.

இதழுக்கு நஞ்சுண்டன் அனுப்பிய திருத்தம் நான்கு வாக்கியங்கள். முதல் வாக்கியத்தில் தான் செய்த பிழை. இரண்டாவதில் சரியான எண். மூன்றாவதில், முன்னைய கட்டுரையின் முடிவு செல்லாது என்பது. நான்காவது வாக்கியத்துக்குத்தான் இரண்டு சனிக்கிழமைகள் பிடித்தன. டபிள்யூ. எச். டி. தயாரித்த தாள் சரியானது என்றும், அவரைப் பற்றித் தான் எழுதியதற்கு ஆதாரம் இல்லை என்றும், வருந்துவதாகவும் எழுதினார். பென்ஃபோல்டுக்கும் ஒரு பிரதி போயிற்று. பாராட்டுக் கடிதத்தை அனுப்பியிருந்தால் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருப்பேன், நல்லவேளை என்று கிழவர் பதில் போட்டார். முதுகுவலியால் இந்த வருடம் நிலக்கரியை நான்கு ஹண்ட்ரட்வெயிட்டாகக் குறைத்துக்கொண்டதாகவும் அடியில் சேர்த்திருந்தார்.

அந்த நாட்களில் சாந்தி அவரோடு பேசவில்லை. சமைத்தாள், பரிமாறினாள், துணி மடித்தாள். மலீஹா கேட்ட பத்திரங்களையெல்லாம் தேடி எடுத்து, உறை உறையாகப் பிரித்து யாமினியின் பையில் வைத்தாள். கணவனிடம் மட்டும் ஒரு சொல் இல்லை. ஜெயபிரகாஷ் தெருவில் எதிர்ப்பட்டால், "விடுங்கண்ணா, பாத்துக்கலாம்," என்று தோளைத் தட்டிவிட்டு வேகமாக நடந்தார். அலுவலகத்தில் குழாய்ப் பிரிவின் தாளை நஞ்சுண்டன் ஒரு வாரம் கழித்துத்தான் திருப்பி அனுப்பினார். அதிலிருந்த இரண்டு டன்னுக்கு அவர் போட்ட வட்டம் வழக்கத்தைவிடச் சிறியதாக இருந்தது.

யாமினி கிளம்பும் நாள் மதியம், கூடத்தின் நடுவில் நீலப் பெட்டி கட்டி முடித்து நின்றது. மாமன் வீட்டுக்குப் பாதாம், சித்திக்கு வைட்டமின் மாத்திரை, யார் யாருக்கோ லோஷன். எல்லாவற்றுக்கும் கீழே, விசா கிடைக்காமல் அங்கேயே தங்க நேர்ந்தால் வேண்டுமென்று, சாந்தி அடுக்கியிருந்த கூடுதல் துணிகள். அவற்றைப் பற்றி மூவரும் பேசிக்கொள்ளவில்லை.

"ஏனுங்க," என்றாள் சாந்தி. மூன்று வாரத்தில் முதல் சொல். "இதைக் கொஞ்சம் பாருங்க."

நஞ்சுண்டன் வந்தார். கைப்பிடியில் நான்கு விரல்களைக் கோத்தார். ஒரு சாண் தூக்கினார். கண்களை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"நாப்பத்தியேழு."

சாந்தி தராசை மாட்டித் தூக்கினாள். எண்ணைப் பார்த்தாள். மறுபடி இறக்கி, மறுபடி தூக்கிப் பார்த்தாள்.

"அம்பத்திமூணு காட்டுதுங்க."

அந்த வீட்டில் இதற்கு முன் இப்படி நடந்ததில்லை. யாமினி அப்பாவைப் பார்த்தாள். அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவால்லப்பா," என்றாள். "ஆறு பவுண்டுதானே."

அவளே மண்டியிட்டுப் பெட்டியைத் திறந்து, பாதாமையும் லோஷன்களையும் வெளியே எடுத்து வைத்தாள். துணிகளின் மேல் கை வைத்தவள், ஒரு கணம் யோசித்து, அவற்றை அப்படியே விட்டுவிட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். சாந்தி தராசைக் கொண்டுவரவில்லை. நஞ்சுண்டன் குனிந்து, இம்முறை இரண்டு கைகளாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், காரின் டிக்கியில் வைத்தார். எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.